ராயக்கோட்டை: சின்ன ஊருக்கு எதற்கு அவ்வளவு பெரிய மலைக்கோட்டை?

பெங்களூரிலிருந்து சேலத்துக்கு ரயிலில் போன ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஓசூர் தாண்டி ராயக்கோட்டை என்ற சின்ன ஸ்டேஷன் வந்தது. பக்கத்தில் ஒற்றைப் பாறை மலை. உச்சியில் கோட்டை இருக்கிறது, திப்பு கட்டியது என்று கூட வந்தவர் சொன்னார். நிஜமா? ஒரு நாள் ஒதுக்கிப் போய்ப் பார்க்க அங்கே என்ன இருக்கிறது?"

இரண்டு கேள்வி மாதிரித் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஒரே கேள்விதான் என்று நினைக்கிறேன். ஒரு கடைவீதி, ஒரு பேருந்து நிலையம், ஒரு மண்டி என்று இருக்கும் ஊருக்குப் பக்கத்தில் எதற்கு இவ்வளவு பெரிய கோட்டை? அது தெரிந்துவிட்டால் யார் கட்டியது, பார்க்க என்ன இருக்கிறது என்ற இரண்டுக்கும் பதில் தானாக வந்துவிடும். நான் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்துப் பள்ளிகளில் பல ஆண்டுகள் வரலாறு நடத்தியவன். பிள்ளைகளை இந்த மலைக்குக் கூட்டிப் போயிருக்கிறேன். தொல்லியல் முறையாகப் படித்தவன் இல்லை. அதனால் கல்லைப் பார்த்து இது இந்த நூற்றாண்டுக் கட்டுமானம் என்று தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆவணத்தில் இருப்பதையும் ஊரில் சொல்வதையும் பிரித்துச் சொல்கிறேன்.

முதலில் நிலத்தைப் புரிந்துகொள்ளுங்கள். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அது மைசூர் மேட்டுநிலத்தின் தொடர்ச்சி. தருமபுரி 450 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. அதாவது ரயிலில் ஒன்றிரண்டு மணி நேரத்தில் நீங்கள் ஏறத்தாழ பாதி உயரத்துக்கு இறங்கிவிடுகிறீர்கள். மேலே உள்ள நிலத்தைப் பழைய ஆவணங்கள் பாலாகாட் என்றும், கீழே கிருஷ்ணகிரி, தருமபுரி, திருப்பத்தூரைச் சுற்றியுள்ள சமவெளியைப் பாராமகால் என்றும் சொல்கின்றன. இரண்டுக்கும் நடுவே குன்றும் காடுமாக ஒரு விளிம்பு. ஆட்கள் நடந்து ஏற எத்தனையோ ஒற்றையடிப் பாதைகள் உண்டு. ஆனால் வண்டி, எருது, பீரங்கியோடு ஒரு படை ஏற வேண்டுமென்றால் சில கணவாய்கள்தான். அவற்றில் முக்கியமான ஒன்று ராயக்கோட்டைக் கணவாய். மாடிவீட்டுப் படிக்கட்டின் மேல்படியில் ஒருவன் தடியோடு உட்கார்ந்திருந்தால் கீழே எத்தனை பேர் இருந்தாலும் ஒருவர் பின் ஒருவராகத்தானே ஏற வேண்டும்? அந்த மேல்படிதான் ராயக்கோட்டை மலை. ஊருக்காகக் கட்டிய கோட்டை அது இல்லை. வழிக்காகக் கட்டியது. கோட்டையில் இருந்தவர்களுக்காக அடிவாரத்தில் ஊர் வளர்ந்தது.

சரி, யார் கட்டியது? திப்பு கட்டினார் என்பது இந்தப் பக்கம் எல்லாக் கோட்டைக்கும் சொல்வது. கடைசியாக வைத்திருந்தவர் பெயர்தான் ஜனங்கள் நினைவில் நிற்கும். 1791இல் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை வந்தபோது கோட்டை திப்பு சுல்தானின் கையில் இருந்தது என்பது உறுதி. அவருக்கு முன் அவருடைய தந்தை ஹைதர் அலி 1760களில் பாராமகாலைத் தன் வசம் கொண்டுவந்தார். அதற்கும் முன்னால் மைசூர் உடையார்கள், பீஜப்பூர் சுல்தான்கள், மராத்தியர், கடப்பை நவாபு என்று இந்தச் சீமை கைமாறிக்கொண்டே இருந்தது. ஊர் வழக்கு எல்லாவற்றுக்கும் பின்னால் போய் ஜெகதேவராயரிடம் நிற்கிறது. விஜயநகரத்தின் பிற்காலத்தில் அப்போதைய தலைநகரான பெனுகொண்டாவை எதிரிகளிடமிருந்து காத்ததற்குப் பரிசாகப் பாராமகால் சீமை அவருக்குக் கொடுக்கப்பட்டது. பர்கூர் பக்கம் ஜெகதேவி என்ற ஊர் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. கிருஷ்ணகிரி உள்ளிட்ட பல மலைக்கோட்டைகளை அவரோடு சேர்த்துத்தான் சொல்வார்கள். ராயக்கோட்டையும் அந்த ராயர் காலத்தில் தொடங்கியிருக்கலாம். பெயர் அதற்கு இடம் கொடுக்கிறது. ஆனால் பெயரை மட்டும் வைத்துச் சாதிக்க மாட்டேன். விஜயநகர காலத்தில் ராயர் என்ற பட்டம் ஒருவருக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. ஒரு மலைக்கோட்டை ஒரே ஆளால், ஒரே காலத்தில் கட்டப்படுவதும் அரிது. ஒருவர் மதில் போடுவார், அடுத்தவர் வாசலை மாற்றுவார், பீரங்கி வந்த பிறகு இன்னொருவர் சுவரைத் தடிமனாக்குவார். ஆகவே "ராயர்கள் காலத்துக் கோட்டை, ஹைதரும் திப்புவும் பயன்படுத்தியது" என்று சொல்லிக்கொண்டால் உண்மைக்குப் பக்கத்தில் இருப்பீர்கள்.

இதோடு இரண்டு விஷயம். பாராமகால் என்றால் பன்னிரண்டு கோட்டை, அதில் ராயக்கோட்டையும் ஒன்று என்று பலர் எழுதுகிறார்கள். பன்னிரண்டின் பட்டியல் ஆளுக்கு ஆள் மாறுகிறது. ஜெகதேவி, கிருஷ்ணகிரி, மகாராஜகடை, தட்டக்கல், திருப்பத்தூர், வாணியம்பாடி என்று போகும் பட்டியலில் ராயக்கோட்டை வருவதில்லை. நிலத்தைப் பார்த்தால் அது நியாயமாகவும் படுகிறது. பாராமகால் கீழே இருக்கிறது, இது விளிம்பில் இருக்கிறது. இன்னொன்று, மலையிலிருந்து கிருஷ்ணகிரிக் கோட்டைக்குச் சுரங்கப்பாதை உண்டு என்ற கதை. எந்த மலைக்கோட்டைக்குப் போனாலும் இதைக் கேட்கலாம். இருபது கிலோமீட்டருக்கு மேல் கருங்கல்லைக் குடைந்து வழி போட்டார்கள் என்பதை நான் பிள்ளைகளுக்குச் சொன்னதில்லை. நீங்களும் நம்ப வேண்டாம்.

கோட்டைக்கு முந்தைய காலத்துச் சான்று ஒன்றும் இந்த ஊர்ப் பெயரோடு உண்டு. ராயக்கோட்டைச் செப்பேடுகள் என்று பல்லவர் வரலாறு படித்தவர்களுக்குத் தெரிந்த ஓர் ஆவணம் உண்டு. ஸ்கந்தசிஷ்யன் என்ற மன்னன் பெயரில் உள்ள செப்பேடு அது. அசுவத்தாமனுக்கும் ஒரு நாகப் பெண்ணுக்கும் பிறந்தவன் ஸ்கந்தசிஷ்யன் என்று பல்லவர் வம்சத்தைச் சொல்கிறது. புராணம்தான், வரலாறு இல்லை. ஆனால் பல்லவர்கள் தங்களை எப்படிச் சொல்லிக்கொண்டார்கள் என்பதற்குப் பாடநூல்களில் காட்டப்படும் சான்றுகளில் ஒன்று இந்த ஊர்ப் பெயரைத் தாங்கி நிற்கிறது. உள்ளூர்ப் பிள்ளைகளில் பத்தில் ஒருவருக்குக்கூட இது தெரிவதில்லை என்பதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு. மாவட்டத்தைச் சேர்த்துப் பார்த்தால் காலம் இன்னும் கீழே இறங்கிப் போகிறது. பர்கூர் வட்டத்து மயிலாடும்பாறை அகழாய்வில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022இல் தமிழக அரசு அறிவித்தது. சூளகிரிப் பக்கம் மல்லசந்திரத்தில் பாறைக்குன்றின் மேல் பெருங்கற்காலக் கல்திட்டைகள் கூட்டமாக நிற்கின்றன. மனிதர்கள் ஏறி இறங்கிப் போய்க்கொண்டிருந்த பாதைகள் இவை. படைகள் பின்னால்தான் வந்தன.

இனி 1791. நீங்கள் கேட்ட மலை உலக வரலாற்றுக்குள் எட்டிப் பார்க்கும் ஆண்டு அதுதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். திப்புவுக்கும் கம்பெனிக்கும் மூன்றாம் மைசூர்ப் போர் நடந்துகொண்டிருந்தது. கம்பெனியின் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் மார்ச்சில் பெங்களூர்க் கோட்டையைப் பிடித்தார், மே மாதம் திப்புவின் தலைநகரான ஸ்ரீரங்கப்பட்டணத்தின் வாசல்வரை போனார். ஆனால் உள்ளே போக முடியவில்லை. மழை, நோய், எல்லாவற்றுக்கும் மேலாகச் சோறு இல்லை. இழுக்கும் மாடுகள் செத்து விழுந்தன. பெரிய பீரங்கிகளை அங்கேயே அழித்துவிட்டுப் படை திரும்பியது. ஒரு பேரரசின் படையைத் திருப்பி அனுப்பியது அரிசிப் பற்றாக்குறை. அந்த அரிசி இருந்த இடம் கீழே, ஆற்காட்டுச் சீமையில், சென்னைப் பக்கம். அதை மேலே கொண்டுவர வேண்டுமென்றால் கணவாய் கையில் இருக்க வேண்டும். ஆக ஜூலையில் ஓசூரைப் பிடித்த கையோடு மேஜர் கௌடியை ராயக்கோட்டைக்கு அனுப்பினார் காரன்வாலிஸ்.

அப்போது அங்கே இரண்டு கோட்டைகள் இருந்தன. அடிவாரத்தில் கீழ்க்கோட்டை, உச்சியில் மேல்கோட்டை. கௌடிக்குக் கொடுத்த உத்தரவு கீழ்க்கோட்டையை முயன்று பார், ஆகாவிட்டால் திரும்பு என்ற அளவில்தான் இருந்தது. கீழ்க்கோட்டை ஒரே தாக்குதலில் விழுந்தது. அந்த வேகத்தில் படை மலையில் கொஞ்சம் மேலே ஏறி இடம் பிடித்துக்கொண்டது. மேல்கோட்டை அப்படி விழக்கூடியது இல்லை. தண்ணீரும் தானியமும் இருந்தால் மாதக்கணக்கில் தாங்கும். ஆனாலும் காரன்வாலிஸின் முழுப்படை நெருங்கி வந்ததும் கோட்டைத் தலைவரான கில்லேதார் பேச்சுவார்த்தைக்கு வந்து அடுத்த சில நாளில் கோட்டையை ஒப்படைத்துவிட்டார். ஆகஸ்டில் கீழ்நாட்டிலிருந்து பெரிய சரக்கு அணி மேலே வந்து சேர்ந்தது. யானைகள் மேல் பணம், ஆயிரக்கணக்கான எருதுகள் மேல் அரிசி. அடுத்த ஆண்டு தொடக்கத்தில் காரன்வாலிஸ் மறுபடி ஸ்ரீரங்கப்பட்டணம் போனபோது பட்டினியோடு போகவில்லை. ராயக்கோட்டை விழுந்ததன் அர்த்தம் அங்கேதான் தெரிந்தது.

கிருஷ்ணகிரியோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இது இன்னும் சுவாரசியம். அதே ஆண்டு நவம்பரில் கர்னல் மாக்ஸ்வெல் பென்னாகரத்தைப் பிடித்துவிட்டு கிருஷ்ணகிரிக்கு வந்தார். அடிவாரத்து ஊரான பேட்டையும் கீழ்க்கோட்டையும் கிடைத்தன. மேல்கோட்டைக்கு ஏணி வைத்து ஏறப்போனவர்கள் மீது மேலிருந்து பாறைகளை உருட்டிவிட்டார்கள். படை திரும்பிப் போனது. கிருஷ்ணகிரிக் கோட்டை சண்டையில் விழவே இல்லை, 1792 மார்ச் உடன்படிக்கையில் காகிதத்தில்தான் கைமாறியது. நம் ஊர்க் கோட்டைகளைப் பற்றிப் பேசும்போது "வெள்ளைக்காரன் வந்தான், பிடித்தான்" என்று ஒரே வரியில் முடிப்பார்கள். அப்படி நடக்கவில்லை என்பதை இந்த இரண்டு மலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் வகுப்பில் காட்டுவேன்.

1792 உடன்படிக்கையில் திப்பு தன் நாட்டில் பாதியை இழந்தார். பாராமகாலும் ராயக்கோட்டையும் கம்பெனிக்குப் போயின. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் திப்புவிடமே இருந்தது. ஆக அடுத்த ஏழு ஆண்டு ராயக்கோட்டை எல்லைக்காவல் ஊர். கீழே கம்பெனி, மேலே திப்பு. இந்த ஏழு ஆண்டில் கீழே நடந்ததுதான் போரைவிடப் பெரிய விஷயம் என்பது என் எண்ணம். பாராமகாலை நிர்வகிக்க அலெக்சாண்டர் ரீடு என்ற படை அதிகாரியை நியமித்தார்கள். அவருக்கு உதவியாளராக வந்தவர் தாமஸ் மன்றோ. கிராமம் கிராமமாகப் போய், நிலத்தை அளந்து, ஒவ்வொரு விவசாயியோடும் நேராக வரி பேசும் முறையை இங்கேதான் செய்து பார்த்தார்கள். அதுதான் பிறகு ரயத்துவாரி முறையாகி சென்னை மாகாணத்தின் பெரும்பகுதிக்குப் போனது. இன்று நம் கையில் இருக்கும் பட்டா, புல எண் என்ற ஏற்பாட்டின் வேர் இந்தச் செம்மண்ணில் இருக்கிறது. சென்னைத் தீவுத்திடல் பக்கம் குதிரைமேல் இருக்கும் மன்றோ சிலையைப் பார்த்த எத்தனை பேருக்கு அவர் தருமபுரியில் தோட்டம் போட்டு வாழ்ந்தவர் என்பது தெரியும்? அந்த முறையால் வரிச்சுமை குறைந்ததா என்பது வேறு கேள்வி. பல இடங்களில் சுமை கடுமையாகவே இருந்தது. ஆனால் ஒரு பெரிய நிர்வாக முறை பிறந்த இடம் நம்முடையது என்பதில் ஐயமில்லை.

1799இல் கடைசிப் போர். பிப்ரவரியில் வேலூரிலிருந்து கிளம்பிய ஜெனரல் ஹாரிஸின் படை ஆம்பூர் வழியாக வந்து ராயக்கோட்டைப் பக்கம் முகாமிட்டது. மார்ச் 5ஆம் தேதி எல்லையைத் தாண்டியது. ஹைதராபாத் நிஜாமின் படையோடு அந்தக் கூட்டத்தில் வந்தவர் ஆர்தர் வெல்லெஸ்லி. பதினாறு ஆண்டு கழித்து வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்த வெலிங்டன் பிரபு அவர்தான். மே 4ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது, திப்பு சண்டையில் உயிர் விட்டார். அந்த நாளோடு ராயக்கோட்டையின் வேலையும் முடிந்தது. மேலேயும் கீழேயும் ஒரே ஆட்சி வந்தபின் நடுவே காவல் எதற்கு? கொஞ்ச காலம் படைவீரர் இருந்தார்கள், ஓய்வூதியம் பெற்ற சிப்பாய்கள் குளிர்ச்சியான ஊர் என்று குடியேறினார்கள், பிறகு கோட்டை கைவிடப்பட்டது. ஊர் சின்னதாக இருப்பதற்கு இதைத் தவிர வேறு மர்மம் இல்லை.

வழி மட்டும் போகவில்லை. நீங்கள் வந்த ரயில் பாதையே அதற்குச் சாட்சி. மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906இல் தண்டவாள இடைவெளி குறுகலான ஒரு ரயில்பாதை போட்டார்கள். பிறகு அதை ஓசூர்வரை நீட்டினார்கள். அதுவும் இந்த ஏற்றத்தில்தான் ஏறியது. இரண்டாம் உலகப்போர் நேரத்தில், 1941இல், அதைப் பிடுங்கிவிட்டார்கள். பல ஆண்டு கழித்துத்தான் சேலம்–பெங்களூர்ப் பாதை வந்தது, 1990களில் அது அகலப்பாதை ஆனது. அடுத்த தடவை போகும்போது மாரண்டஅள்ளிக்கும் ராயக்கோட்டைக்கும் நடுவில் ஜன்னலோரம் உட்காருங்கள். வண்டி மூச்சு வாங்கி வளைந்து ஏறுவது தெரியும். பீரங்கியை இழுத்து வந்த மாடுகளின் பாடு என்ன என்று நான் சொல்லாமலே புரியும்.

இப்போது பார்க்க என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு வருகிறேன். மலைக்கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. ஏற்றம் ஊரிலிருந்தே தொடங்குகிறது. தொடக்கத்தில் படி, மேலே போகப் போகப் பாறைச் சரிவும் பழைய வாசல்களும். நிதானமாக ஏறினால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மேலே அரண்மனை எதிர்பார்த்துப் போகாதீர்கள். கூரை போன கட்டடங்கள், மதில் துண்டுகள், பாறைக்குழியில் மழைநீர் தேங்கும் சுனைகள், அவ்வளவுதான். ஆனால் எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்து போனால் இது போதும். மூன்று விஷயத்தைக் கவனிக்கச் சொல்வேன். மதில் எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று பாருங்கள். செங்குத்துப் பாறை இருக்கும் இடத்தில் சுவரே கட்டியிருக்க மாட்டார்கள், ஏற முடிகிற சரிவில் மட்டும் கட்டியிருப்பார்கள். மலையே முக்கால்வாசி மதில். அடுத்து, வாசல் நேராகத் திறக்காமல் வளைந்து போவதைப் பாருங்கள். ஓடிவந்து மோதும் கூட்டம் வளைவில் வேகம் இழக்கும். யானையைக் கொண்டு கதவை முட்டவும் இடம் கிடைக்காது. கடைசியாகச் சுனைகள். மலைக்கோட்டை தாங்குமா தாங்காதா என்பதை முடிவு செய்வது பீரங்கி இல்லை, அந்தத் தண்ணீர்தான். தயவுசெய்து அதில் பாட்டிலும் காகிதமும் போடாதீர்கள். சுவரில் பெயர் கிறுக்கும் பழக்கம் இங்கேயும் உண்டு. ஒவ்வொரு தடவையும் புதுப்பெயரைப் பார்க்கும்போது மனசு வலிக்கிறது.

உச்சியில் நின்று வடமேற்கே பார்த்தால் ஓசூர் மேட்டுநிலம், தெற்கே பாலக்கோடு நோக்கி இறங்கும் நிலம். நான் மேலே எழுதிய அத்தனையும் அந்த ஒரு பார்வையில் இருக்கிறது. வரைபடத்தை வைத்து எவ்வளவு விளக்கினாலும் புரியாத பிள்ளைகளுக்கு அங்கே நின்ற மாத்திரத்தில் புரிந்துவிடும்.

இறங்கிய பிறகு தக்காளி மண்டிக்குப் போங்கள். சுற்றுலா வழிகாட்டிகள் இதை எழுத மாட்டார்கள். என்னைக் கேட்டால் இன்றைய ராயக்கோட்டை அங்கேதான் இருக்கிறது. சுற்றுவட்டாரச் செம்மண்ணில் சொட்டுநீர் போட்டு, குச்சி நட்டுக் கட்டி வளர்த்த தக்காளி பெட்டி பெட்டியாக வந்து இறங்கும். தூரம் போகிற சரக்கு அரைப்பழமாக இருக்கும்போதே பறித்தது. லாரிகள் மேலே பெங்களூர்ப் பக்கமும் போகும், கீழே தென் மாவட்டங்களுக்கும் போகும். அரிசி ஏறிய அதே கணவாயில் இன்று தக்காளி போகிறது. விலைதான் கொடுமை. 2023 ஜூலையில் கடையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது ஊரெல்லாம் பேச்சு. விலை சரிந்து பறிகூலிக்கும் கட்டாமல் செடியிலேயே விட்டு மாட்டை மேயவிடும் காலத்தை யாரும் பேசுவதில்லை. மண்டியில் ஒருவரிடம் பத்து நிமிடம் பேச்சுக் கொடுங்கள், தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே வாக்கியத்தில் வரும். படைகளும் குடியேறியவர்களும் மேலும் கீழும் போய்வந்த வழியில் மொழி இப்படித்தான் இருக்கும்.

சாப்பாட்டுக்குப் பெரிய ஓட்டல் தேடாதீர்கள். ராகிக்களியும் மொச்சைக்கொட்டைக் குழம்பும் கிடைத்தால் விடாதீர்கள். இந்த மண்ணின் சாப்பாடு அதுதான்.

ஒரு எச்சரிக்கை. ஓசூரிலிருந்து வண்டியில் வருவதென்றால் வழியில் சானமாவுக் காடு வரும். ராயக்கோட்டைப் பக்கம் ஊடேதுர்கம் காப்புக்காடு இருக்கிறது. ராகி முற்றும் பருவத்தில், ஏறத்தாழ அக்டோபரிலிருந்து பிப்ரவரி வரை, பன்னேர்கட்டா காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை வழியாக இந்தக் காடுகளுக்கு வந்து போகும். அந்த மாதங்களில் இருட்டிய பிறகும் விடியற்காலையிலும் இருசக்கர வண்டியில் வராதீர்கள். யானையைப் பார்த்து வண்டியை நிறுத்திப் போன் எடுக்காதீர்கள். பயிரைக் காக்க இரவு முழுக்கப் பரண்மேல் விழித்திருக்கும் விவசாயிகளுக்கு அது வேடிக்கைப் பொருள் இல்லை.

மலைவாசஸ்தலம் என்று நினைத்து ஏற்காடு மாதிரிக் குளிரையும் படகையும் தேடுபவர் என்றால் ராயக்கோட்டை உங்களுக்கு இல்லை என்று நேராகவே சொல்கிறேன். குளிர்ச்சிக்குத் தளி போகலாம். அந்தக் காலத்தில் லிட்டில் இங்கிலாந்து என்று பெயர் வாங்கிய ஊர். இன்று ரோஜாத் தோட்டங்களும் பசுமைக்குடில்களும் நிறைய. வழியில் தேன்கனிக்கோட்டையில் பேட்டராய சுவாமி கோயில் இருக்கிறது. ஓசூருக்குப் பக்கத்தில் தொரப்பள்ளியில் ராஜாஜி 1878இல் பிறந்த வீடு நினைவில்லமாக இருக்கிறது. சிறிய ஓட்டுவீடு, அரைமணி போதும், ஆனால் இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக இருந்தவர் புறப்பட்ட இடம் என்று நினைத்துப் பாருங்கள். மாரண்டஅள்ளியிலிருந்து பஞ்சப்பள்ளி சின்னாறு அணை பக்கம். கோட்டைகளில் ஆர்வம் என்றால் அடுத்த நாளைக் கிருஷ்ணகிரிக்குக் கொடுங்கள். மாக்ஸ்வெல் திரும்பிப் போன மலை, அதன்மேல் சையத் பாஷா தர்கா, அடிவாரத்துப் பழையபேட்டை, ஊருக்குள் அரசு அருங்காட்சியகம், அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் தென்பெண்ணையின் குறுக்கே கே.ஆர்.பி. அணை. ஒகேனக்கல்லையும் அதே நாளில் சேர்க்காதீர்கள், அது தனியாக ஒரு நாள் கேட்கும்.

எப்போது வரலாம் என்றால் நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை. காலை ஏழு மணிக்குள் ஏறத் தொடங்குங்கள், பத்துக்கு மேல் பாறை சுட ஆரம்பித்துவிடும். மேலே கடை கிடையாது, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் கையில் இருக்கட்டும். ரயிலில் வருவதானால் எல்லா விரைவு வண்டியும் ராயக்கோட்டையில் நிற்காது, பாசஞ்சர் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி மூன்று பக்கமிருந்தும் பேருந்து உண்டு. ஓசூரிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் சுமார் முப்பது கிலோமீட்டர்தான். மழை பெய்த மறுநாள் மட்டும் மலையேற வேண்டாம், பாசி பிடித்த பாறை வழுக்கும். அன்றைக்குக் கிருஷ்ணகிரி அருங்காட்சியகத்தில் நடுகற்களைப் பார்த்துவிட்டு மலையை வேறொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.